நார்மல் காது

காலையில் வந்ததும் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஜாடிகளில் ஆசிட் தண்ணீரை மாற்றுவது அவள் வேலை. வேறு யாரும் செய்யக்கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் வேறு யாராவது கை வைத்தால் அன்று முழுக்க அவள் முகம் சரியாக இருக்காது என்பது அந்த ஆஸ்பத்திரி மாடி முழுக்கத் தெரியும். பழைய தண்ணீரைக் கொட்டி, புதுசை விளிம்பு வரை நிரப்பி, உள்ளே கிடப்பதை இடுக்கியால் ஒருமுறை புரட்டிப் போட்டு, மூடியை இறுக்க வேண்டும். உள்ளே கிடப்பது மனிதர்களின் பொட்டெலும்பு. காதைச் சுற்றி மண்டைக்குள் இருக்கும் எலும்பு. கேட்பதற்கும், தள்ளாடாமல் நிற்பதற்கும் வேண்டிய அத்தனையும் அதற்குள்தான் அடங்கியிருக்கிறது. செத்த பிறகு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர்களுடையது.

உடம்பிலேயே அவ்வளவு கெட்டியான எலும்பு வேறு இல்லை. கத்தி இறங்காது. அதனால் மாதக்கணக்கில் ஆசிடில் கிடந்து, சுண்ணாம்புச் சத்தெல்லாம் கரைந்து, ரப்பர் மாதிரி ஆக வேண்டும். அப்புறம் பசை போன்ற ஒன்றில் இன்னும் பல மாதம் ஊறி, சோப்புக்கட்டி போல இறுக வேண்டும். அதை மெஷினில் பொருத்தி, வெங்காயச் சருகு தோற்றுப்போகிற மெல்லிசில் சீவி எடுப்பாள். பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்கள் அவளுக்கு வைத்த பெயர் சீவலக்கா.

"சீவலக்கா, கோவத்துல என் மண்டையையும் சீவிடாதீங்க" என்பான் ஒருவன்.

"உன் மண்டை ஊறவே ஆறு வருஷம் ஆகும். அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன், போ" என்பாள்.

வீட்டுப் பக்கத்திலும் அவளுக்கு அந்த மரியாதை உண்டு. யார் வீட்டுக் குழந்தைக்குக் காதில் குடைச்சல் என்றாலும் அவளிடம்தான் வருவார்கள். அவளும் தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒன்றிரண்டு வார்த்தை சொல்லி அனுப்புவாள். உயிரோடிருக்கும் காதைச் சோதிக்கும் வேலை அவளுடையது இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சீவிய காதுகள்தான். அதை வந்தவர்கள் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அந்த ஜாடிகளில் இரண்டு அவளுடைய நாத்தனாருடையவை. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று.

பெரிய டாக்டரின் ஆராய்ச்சி, தலையில் அடிபட்டவர்களின் காதுக்குள் பிற்பாடு என்ன ஆகிறது என்பதைப் பற்றியது. அடிபட்ட எலும்புகள் ஒரு அலமாரியில். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க, எந்தக் குறையும் இல்லாத காதுகள் இன்னொரு அலமாரியில். நாத்தனார் அதே ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலியில் போனபோது டாக்டர் அவளைத் தனியாக அழைத்து, தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"உங்க அண்ணிக்குக் காது எப்படி இருந்துச்சு? எப்பவாவது டெஸ்ட் பண்ணியிருக்காங்களா?"

"டெஸ்ட் எதுக்கு டாக்டர்? நார்மல் காது. ஒரே வீட்ல இத்தனை வருஷம் இருந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவர் நம்பினார். இரண்டு ஜாடிகளும் நல்ல காதுகளின் அலமாரிக்குப் போயின. "சொந்தக்காரங்களோடது. வேற யாராவது பண்ணட்டுமே" என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். "என் கையாலயே ஆகட்டும் டாக்டர்" என்று சொல்லிவிட்டாள். என்ன பாசம் பாரேன் என்று நர்சுகள் பேசிக்கொண்டார்கள்.

பாசம் எல்லாம் இல்லை. அது நல்ல காதுதான் என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. அவ்வளவுதான்.

புருஷன் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்ட பிறகு, நாத்தனார் ஒரு பெட்டியும் ஒரு பெண்ணுமாகத் தம்பி வீட்டுக்கு வந்தவள். வாய் உண்டு, அந்த வாய்க்கு ஈடாகக் கையும் ஓயாது. ரெடிமேட் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகச் சட்டைகள் வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டன் தைப்பாள். தம்பி, அதாவது இவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல எல்லாரையும் மேல ஏத்தி விடறான், எங்க வீடு மட்டும் தரைத்தளத்துலயே கிடக்கு" என்று அவனைச் சீண்டுவாள். அவளுக்கு, அதாவது சீவலக்காவுக்கு, பிள்ளை இல்லை. அதைப் பற்றி நாத்தனார் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. வேறு எதைச் சொன்னாலும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சீவலக்காவின் அம்மா வந்து தங்குவதாக இருந்த ஒரு மழைக்காலத்தில்தான் அது நடந்தது. பரண் மேலிருந்த மெத்தையை இறக்க, நாத்தனார் மேசை மேல் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். "இருங்க அண்ணி, நான் வந்து எடுக்கறேன்" என்று இவள் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கொண்டே தலைவாரிக்கொண்டிருந்தாள். மெத்தையும் ஆளும் சேர்ந்தே வந்தார்கள். ஆள் மெத்தை மேல் விழுந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். மெத்தைதான் ஆள் மேல் விழுந்தது. நாத்தனாரின் தலை, இடப்பக்கம், மேசை விளிம்பில் மோதிய சத்தம் அறைக்கு வெளியே கேட்டது.

காதிலிருந்து கொஞ்சம் ரத்தம். "தோடு கிழிச்சிருக்கு" என்று துடைத்துவிட்டுப் பஞ்சு வைத்தாள். நாத்தனார் அன்று முழுக்க வாந்தி எடுத்தாள். அறையே சுற்றுகிறது என்று கண்ணைத் திறக்க மாட்டேன் என்றாள். "விழுந்தா சுத்தத்தான் செய்யும். படுங்க, சரியாயிடும்" என்று ஒரு சொம்புத் தண்ணீரைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, மறுநாள் வழக்கமான பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போனாள். காது ஆராய்ச்சிக்கூடத்துக்கு.

எழுந்து நடமாடத் தொடங்கியபோது நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "என்ன அண்ணி, கப்பல்ல போறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தது இவள்தான். நாத்தனாரும் சிரித்தாள். "இந்தப் பக்கம் என்னவோ அடைச்சாப்ல இருக்கு. ஒரே இரைச்சலா வேற இருக்கு" என்றாள் ஒரு நாள். "அழுக்கா இருக்கும்" என்று சொட்டு மருந்து வாங்கி வந்து கொடுத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பேச்சு முடிந்தது, தொல்லை முடியவில்லை. அடுப்பங்கரையில் பக்கத்தில் நின்று ஏதாவது சொன்னால் நாத்தனார் பாட்டுக்கு நறுக்கிக்கொண்டே இருப்பாள். நாலு தரம் சொன்னால், "என்னையா கூப்பிட்ட?" என்று எங்கோ பார்த்துத் திரும்புவாள். ஆனால் தோழி போன் பண்ணிவிட்டால் போதும், கிசுகிசுவெல்லாம் தெளிவாகக் கேட்கும். குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். காது கேட்கவில்லை என்றால் எப்போதும் கேட்கக்கூடாது அல்லவா? இது என்ன, வேண்டியது கேட்கிறது, வேண்டாதது கேட்கவில்லை?

பிறகு அந்தக் கதவு விஷயம் வந்தது. நாத்தனாரின் பெண், குட்டி என்று வீட்டில் எல்லாரும் கூப்பிடுகிற பெண், மூன்றாவதோ நாலாவதோ படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டு, கொட்டுகிற மழையில் வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். உள்ளே நாத்தனார் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை தட்டி, கத்தி, அழுது, மாடிப்படிக்கு அடியில் சுருண்டு உட்கார்ந்துவிட்டது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த இவள்தான் அதைப் பார்த்தாள். ஈரத்தில் உதடு நீலம் பாரித்துப் போயிருந்தது.

"காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?" என்று அன்று வீடு அதிரக் கத்தினாள். "பெத்த பிள்ளை கத்தறது கேக்கலையா?"

"நிஜமா கேக்கலடி" என்றாள் நாத்தனார்.

அன்றைக்கே சோதனை நடந்தது. நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டாள். நாத்தனார் துள்ளிப்போய்த் திரும்பினாள். ஊசி விரலில் ஏறிவிட்டது.

"பாத்தீங்களா?" என்றாள் இவள், குழந்தையிடமும் கணவனிடமும். "காது நல்லாத்தான் இருக்கு. நான் சொல்றேன். இது காதுக் கோளாறு இல்ல."

தம்பிக்காரன் சிரித்தான். தலைதுவட்டியபடி நின்றிருந்த குட்டியும் சிரித்தாள். காது ஆஸ்பத்திரிக்காரியே சொன்ன பிறகு மேல்முறையீடு எங்கே இருக்கிறது? அதிலிருந்து நாத்தனார் பதில் சொல்லாமல் இருந்தால், "தட்டை எடுக்கட்டா?" என்பது அந்த வீட்டு வேடிக்கை ஆயிற்று. முதலில் சொன்னது இவள். பிற்பாடு அதிகம் சொன்னது குட்டி. நாத்தனார் காது கேட்கவில்லை என்று சொல்வதையே விட்டுவிட்டாள். தம்பி வீட்டில் இருக்கிறவள் எத்தனை முறைதான் ஒன்றையே சொல்லிக்கொண்டிருப்பாள்?

குட்டி கொஞ்சம் கொஞ்சமாக அத்தை பக்கம் வந்து சேர்ந்தது அப்போதுதான். பள்ளிக்கூடத்தில் யாரோடு டூ விட்டாள், எந்த டீச்சர் எப்படித் தும்முவார், எல்லாமே அத்தையிடம்தான். அம்மாவிடம் சொன்னால் சுவரிடம் சொன்ன மாதிரி. அத்தைதான் கேட்பாள், அத்தைதான் திருப்பிக் கேள்வி கேட்பாள். பெரியவளானதும் உள்ளாடை வாங்கப் போனதும் அத்தையோடுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்த சேதியையும் அத்தையிடம்தான் முதலில் சொன்னாள். "நீங்க காது, நான் கண்ணு. வீட்டையே ஒரு ஆஸ்பத்திரி ஆக்கிடலாம்" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஜன்னலோரம் நாத்தனார் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சந்தோஷத்தில் இவளுக்குத் தூக்கம் வரவில்லை. பெறாமலே பெற்ற பிள்ளை என்று தோன்றியது.

ஆராய்ச்சிக்கூடத்தில் ஊழியர்களின் குடும்பத்தாரையும் எலும்பு தரச் சொல்லிக் கேட்ட சமயம், வீட்டில் வேடிக்கையாகத்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். நாத்தனார் உடனே கையை நீட்டினாள்.

"என்னோடத எடுத்துக்கோ. பல்லு போச்சு, கண்ணு போச்சு, முட்டி போச்சு. காதுதான் புழங்காத சாமான்னு நீயே சொல்ற. பெட்டி பிரிக்காம புதுசா இருக்கும்."

"அண்ணி, விளையாட்டுக்குச் சொன்னேன்."

"நான் விளையாட்டுக்குச் சொல்லல. உயிரோட இருக்கறப்பதான் நீ பாக்கல. செத்தப்புறமாவது பாரு."

இவளுக்குச் சுருக்கென்றது. பார்க்கிறேன், பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அதனால்தான் அத்தனை மாதமும் அந்த இரண்டு ஜாடிகளின் தண்ணீரை மாற்றும்போது அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: எலும்பு நன்றாக இருக்க வேண்டும். செத்துப்போனவளுக்காக இல்லை. தனக்காக.

வலது காதை முதலில் சீவினாள். சீவச் சீவக் கத்தியின் மேல் சுருளாமல் படிந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். செவிப்பறை, மூன்று குட்டி எலும்புகள், உள்ளே நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும் கேட்கும் இடம், அதற்குள் நுழையும் நரம்பு, எல்லாம் புத்தகத்தில் போட்ட படம் மாதிரி. நத்தை என்றுதான் அங்கே எல்லாரும் அதைச் சொல்வார்கள். "பாத்தீங்களா அண்ணி?" என்று வாய்விட்டே சொன்னாள். அன்று மதியம் இளம் டாக்டர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். சும்மாதான் என்றாள்.

மறுநாள் இடது.

கொஞ்ச தூரம் போனதும் சீவலில் ஒரு மெல்லிய கோடு வந்தது. மயிரிழை மாதிரி. கத்தியில் எங்கோ சில்லு பெயர்ந்திருக்கிறது, அதுதான் கீறுகிறது என்று நினைத்தாள். அது அவள் தொழிலில் சகஜம். கத்தியை மாற்றினாள். கோடு இருந்தது. வேறு கத்தி. அப்போதும் இருந்தது. கத்திக் கீறல் என்றால் ஒவ்வொரு சீவலிலும் ஒரே இடத்தில், அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராக ஓடும். இது வளைந்தது. ஒரு சீவலுக்கும் அடுத்ததற்கும் கொஞ்சம் நகர்ந்தது. எலும்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் நத்தை வரை இறங்கியது.

இப்படிக் கோடுகளை அவள் பார்க்காதவள் இல்லை. அடிபட்டவர்களின் அலமாரிக் காதுகளில் நிறையப் பார்த்திருக்கிறாள். கை உடைந்தால் எலும்பு கூடும். கால் உடைந்தால் கூடும். இந்த எலும்பு அத்தனை கெட்டி, அதனாலேயே ஒருமுறை விரிசல் விட்டால் மறுபடி கூடாது. நடுவில் நார் மாதிரி ஏதோ வளர்ந்து அடைத்துக்கொண்டு, ஆள் சாகிற வரை அப்படியே கிடக்கும். பெரிய டாக்டர் ஒவ்வொரு வருஷமும் புதுசாக வருபவர்களுக்கு இதைச் சொல்வார். ஜாடி கழுவிக்கொண்டே அவளும் ஒவ்வொரு வருஷமும் கேட்டிருக்கிறாள்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இடது போய், வலது நன்றாக இருந்தால் ஒரு மனுஷி எப்படி இருப்பாள்? அடுப்பங்கரையில் இடப்பக்கம் நின்று பேசுகிறவள் சொல்வது கேட்காது. கேட்டாலும் எந்தத் திசை என்று தெரியாது. போனை வலது காதில் வைத்தால் எல்லாம் கேட்கும். நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால், பெற்ற பிள்ளை கதவை உடைத்தாலும் கேட்காது. பின்னால் தட்டு விழுந்தால் மட்டும் நன்றாகக் கேட்கும்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கத்திக் கீறல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரிய டாக்டர் மறுபேச்சுப் பேச மாட்டார். கெட்டுப்போன துண்டுகளை எறிந்துவிடச் சொல்வார். குப்பைக் கூடை காலடியில்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ. கடைசியில் எழுந்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகடுகளில் ஒட்டி, டாக்டரின் தட்டில் கொண்டுபோய் வைத்தாள். நல்லவளாகிவிட்டதால் இல்லை. அந்தக் கண்ணாடிகளைத் தூக்கி எறிய அவளுடைய கை பழகியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. "இங்க வாங்க, இங்க வாங்க!" என்று சின்னப் பையன் மாதிரி கூப்பிட்டார். "இது நார்மல் இல்லையே! பழைய முறிவு. எவ்வளவு அபூர்வம் தெரியுமா? அடிபட்டு இத்தனை வருஷம் உயிரோட இருந்தவங்க காது நமக்குக் கிடைக்கறதே இல்ல. நத்தைக்குள்ள பாருங்க, எலும்பு வளர்ந்து அடைச்சிருக்கு. நரம்பு நூலா மெலிஞ்சு கிடக்கு. நீங்க நார்மல்னு சொன்னீங்களே?"

"சொன்னேன் டாக்டர்."

"பரவாயில்ல. எப்ப அடிபட்டுச்சு, ஞாபகம் இருக்கா?" பேனாவை எடுத்துக்கொண்டார்.

பரணிலிருந்து விழுந்ததைச் சொன்னாள். அவர் தலையாட்டினார். காதில் ரத்தம் வந்ததா? வந்தது. வாந்தி? நாள் முழுக்க. தலை சுற்றியிருக்குமே? கண்ணையே திறக்கவில்லை. அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருப்பார்களே? நடந்தார்கள். காதுக்குள் இரைச்சல்? சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர், "கரெக்ட், கரெக்ட்" என்று மகிழ்ந்து போனார். பாடப் புத்தகத்தை ஒப்பிக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. ஒரு வரிகூட விடாமல் எல்லாம் தெரிந்திருந்தது.

"யாருகிட்ட காமிச்சீங்க?"

"யார்கிட்டயும் காமிக்கல."

அவர் நிமிர்ந்தார். அதில் குத்தல் எதுவும் இல்லை, வெறும் ஆச்சரியம்தான். "அடடா. வீட்ல விவரம் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?"

"இல்ல டாக்டர்" என்றாள்.

அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பேனாவை மூடி, மறுபடி திறந்து, மைக்ரோஸ்கோப்பின் மேலிருந்த தூசியை ஊதினார். "அப்பவே வந்திருந்தாலும் அந்தக் காதைத் திருப்பிக் கொண்டுவந்திருக்க முடியாதுன்னுதான் நினைக்கறேன்" என்றார் மெதுவாக. "வீட்ல மத்தவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்றத விட அது நல்லா இருக்கும்."

காதைத் திருப்பிக் கொண்டுவந்திருக்க முடியாது. சரி. கேட்கவில்லை என்று சொன்னவளை நம்பியிருக்க முடியும். அதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டாம்.

வீட்டில் முதலில் கணவனிடம் சொன்னாள். அவன் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். சொல்லி முடிக்கிற வரை ஒரே சட்டையைத்தான் மடித்துப் பிரித்து மடித்தான்.

"அக்கா போய்ச் சேர்ந்துட்டா" என்றான் கடைசியில். "இனிமே அவளுக்கு என்ன ஆகணும்? குட்டிகிட்ட சொல்லாத."

"எப்படிங்க சொல்லாம இருக்கறது?"

"சொல்லி? அவ உக்காந்து அழணுமா? இல்ல உன்னை வெறுக்கணுமா? நமக்கு இருக்கறது அவ ஒருத்திதான். அதையும் கெடுத்துக்காத." பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், "உன்னை மட்டும் சொல்லலடி. நானும்தான் சிரிச்சேன்" என்றான்.

அவன் சொன்னது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆறுதலாகக்கூட இருந்தது. சொல்லாமல் இருப்பதற்குத் தோதாக ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டதல்லவா, குழந்தை வருத்தப்படக்கூடாது என்று? அந்தக் காரணத்தை அந்த வாரம் முழுக்க வாயில் அடக்கிவைத்த மிட்டாய் மாதிரி சப்பிக்கொண்டிருந்தாள்.

கடைக்குப் பக்கத்தில் ஹாஸ்டலில் தங்கியிருந்த குட்டி ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அம்மாவும் அவளும் படுத்திருந்த சின்ன அறையை ஒழிப்பதற்காக. ஜன்னலோரச் சுவரை ஒட்டிய கட்டில் மேல் நாத்தனாரின் புடவைகளைக் குவித்துவைத்து, வேண்டியது வேண்டாதது என்று இரண்டு பேரும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குட்டிக்கு வாய் ஓயவில்லை.

"அத்தை, எங்க கடைக்கு ஒரு தாத்தா வராரு. அப்படியே எங்கம்மாதான். ஃப்ரேம் விலை இவ்வளவுன்னு கத்தினா காதே கேக்கல. தள்ளுபடின்னு வாய்க்குள்ள முணுமுணுத்தேன், டக்குனு திரும்பறாரு. அப்பவே கேட்டேன், தாத்தா, தட்டை எடுக்கட்டான்னு. அவருக்கு என்ன புரியும்!" தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு ஒரு புடவையை உதறினாள். "எங்கம்மா மட்டும் நடிக்கப் போயிருந்தா..."

"குட்டி" என்றாள் இவள். "உங்கம்மா நடிக்கல."

"எது?"

"காது. இடது காது. சுத்தமா போயிருந்துச்சு. பரண்லேர்ந்து விழுந்தாங்களே, அன்னிக்கு உள்ள எலும்பு விரிஞ்சிருக்கு. நான் பாத்தேன். நான்தானே சீவினேன்."

குட்டியின் முகத்தில் சிரிப்பு அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் நின்றது, விருந்து முடிந்தும் கிளம்பத் தெரியாத ஆள் மாதிரி.

"நீங்கதானே நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்."

"தட்டு போட்டீங்களே. திரும்பினாங்களே."

"வலது காது நல்லா இருந்துச்சு. அதுல கேட்டிருக்கு. ஒரு காதைப் பொத்திக்கிட்டு ஒரு காதாப் பாக்கணும். நான் அப்படிப் பாக்கல."

"தெரியாதா உங்களுக்கு, அப்படிப் பாக்கணும்னு?"

"தெரியும்."

குட்டி புடவையை மடிக்கவில்லை. கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி, அங்கே யாரோ மல்லாந்து படுத்திருப்பது போலக் காற்றில் அளந்தாள். தலை இங்கே, கால் அங்கே. இது வலது. இது இடது.

"அம்மா இந்த ஓரமாப் படுப்பாங்க. நான் சுவத்துப் பக்கம்" என்றாள். "நான் விழுந்துடுவேன்னு என்னை உள்ள தள்ளிப் படுக்க வைப்பாங்க. அப்ப நான் இருந்தது இந்தப் பக்கம்."

இவள் குவியலிலிருந்து ஒரு ரவிக்கையை எடுத்தாள்.

"பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் படுத்துட்டுதான் சொல்லுவேன். இந்தக் காதுலதான். ரகசியம்னா வாயை ஒட்டவச்சு சொல்லுவேன். ஒண்ணுமே பதில் வராது. தூங்கிட்டாங்கன்னு எட்டிப் பாத்தா கண்ணு முழிச்சிருக்கும். சீலிங்கைப் பாத்துட்டிருப்பாங்க." குரல் உடையவில்லை, கடையில் கணக்குச் சொல்கிற மாதிரியே இருந்தது. "சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு, அப்புறம்தான் உங்ககிட்ட வந்தேன்."

"தப்பு என்னோடதுதான் குட்டி."

"தப்புன்னா தெரியாம பண்றது அத்தை."

வெளியே கூடத்தில் அவள் கணவன் செய்தித்தாளைப் புரட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. உள்ளே வருவானோ என்று இவள் கதவைப் பார்த்தாள். வரவில்லை.

குட்டி திரும்பி நேருக்கு நேராகப் பார்த்தாள். கோபம் இருந்தால்கூடத் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிற முகம் அது. சின்ன வயதில் வீட்டுக் கணக்கில் சந்தேகம் கேட்டு வந்து நின்ற அதே முகம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அம்மா நடிக்கறாங்கன்னே இருக்கட்டும்னு உங்களுக்கு ஆசை இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லலாம். ஒரு வார்த்தைதான். சொன்னால் இந்தப் பெண் நம்பவும் கூடும். இத்தனை வருஷம் அத்தை சொன்னது எதையும் அவள் நம்பாமல் இருந்ததில்லை. அதை நினைத்ததும் வாய்வரை வந்த வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது. ஆமாம் என்று சொல்லவும் முடியவில்லை. இவள் தலையைக் குனிந்து, கையிலிருந்த ரவிக்கையின் கொக்கியை மாட்டினாள், கழற்றினாள்.

குட்டி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு கட்டிலைச் சுற்றி, அத்தையின் மேல் இடித்துவிடாமல் ஒதுங்கி நடந்து, அறையை விட்டு வெளியே போனாள்.